காய்ச்சல் வேறு, சூடு வேறு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொழிற்சாலைகளில் வெப்பநிலைக் கட்டுப்பாடு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். சங்கச் செயலாளர் மன்னிக்க வேண்டும். கட்டுப்பாடு பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் தொழிற்சாலையில் அல்ல, உடம்பில். நான் 2010ஆம் ஆண்டு இந்தக் கல்லூரியில் கருவியியல் படித்து வெளியே போனவன். அன்றிலிருந்து கோவையில் அடுப்புகளுக்கும் குளிர்பதன அறைகளுக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி செய்வதுதான் பிழைப்பு. ஓர் அடுப்பை 180 டிகிரியில் அரை டிகிரி பிசகாமல் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவேன். என் வீட்டுத் திண்ணையில் என்னைப் பெற்றவர் 105 டிகிரியில் கிடந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் செல்லூர். பாருங்கள், பின்வரிசையில் சிரிப்பு வந்துவிட்டது. 2017இல் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட நாளிலிருந்து செல்லூர்க்காரன் எந்த மேடை ஏறினாலும் இந்தச் சிரிப்புக்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அன்று தண்ணீர் ஆவியாகிவிடக் கூடாது என்று கவலைப்பட்டார்கள். நான் பேசப்போவது, ஆவியாக வேண்டிய தண்ணீர் ஆவியாகாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி.

செல்லூர் தறிக்காரர்கள் ஊர். கைத்தறி போய் விசைத்தறி வந்தும் தறிச் சத்தம் போகவில்லை. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் தறியில் நின்றவர். 2019 மே மாதம், கத்திரி வெயில் நாட்களில் ஒன்று. நான் விடுப்பில் வந்திருந்தேன். மதியம் இரண்டரை மணிக்கு அப்பாவைக் கூடத்திலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். "அண்ணனுக்குக் காய்ச்சல் போல. உடம்பு அனலாக் கொதிக்குது" என்றார்கள்.

தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. தெர்மாமீட்டர் வைத்தேன், 105 ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 40.6 செல்சியஸ். பாரசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைத் தண்ணீரோடு கொடுத்தேன். பாதித் தண்ணீர் வாயோரம் வழிந்தது. "காய்ச்சக்காரருக்குக் காத்துப் படக் கூடாது" என்று அம்மா மின்விசிறியை நிறுத்தினார். நானும் சரி என்றேன். போர்வை எடுத்துப் போர்த்தியது நான்தான். மாத்திரை வேலை செய்ய அரை மணி ஆகும் என்று தெரியும். எனவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இடையில் அப்பா பேசினார். "இழை அறுந்துருச்சுடா, முடிச்சுப் போடு" என்றார். என்னைப் பார்த்து, செத்துப்போன பெரியப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. என் தொழிலில் இப்படி ஓர் அறிகுறி வந்தால் அதற்குப் பெயர் அலாரம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிடம் கழித்து எதிர்வீட்டு அத்தை வந்தார். சொந்த அத்தை இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் 'நர்சு அத்தை'. அவர் தெர்மாமீட்டரைக் கேட்கவே இல்லை. அப்பாவின் கன்னத்தைத் தட்டி, "அண்ணே, நான் யாரு? சொல்லுங்க" என்றார். பதில் இல்லை. அக்குளில் கை வைத்துப் பார்த்தார். வியர்வை இல்லாமல் காய்ந்து கிடந்தது. அவ்வளவுதான், போர்வை ஒரு பக்கம் பறந்தது.

"டேய் தம்பி, மாத்திரையத் தூக்கி அங்கிட்டு வையி. ஒங்கப்பாவுக்குக் காய்ச்சல் இல்லடா, வெயில் அடிச்சிருக்கு. வெரசாத் தண்ணி கொண்டா. ஒருத்தன் நூத்தியெட்டுக்கு போன் போடு."

அடுத்த பத்து நிமிடம் அந்தத் திண்ணை தொழிற்சாலை மாதிரி இயங்கியது. சட்டையைக் கழற்றி, வேட்டியைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை குடம் குடமாகத் தண்ணீர். டேபிள் ஃபேனை முழு வேகத்தில் அவர் மேல் திருப்பிவிட்டார். முனைக்கடை ஜிகர்தண்டாக்காரர் ஐஸ் கட்டியைக் கோணிச் சாக்கோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அதை உடைத்துத் துணியில் முடிந்து கழுத்தின் இரண்டு பக்கம், அக்குள், தொடையிடுக்கு என்று வைத்தார் அத்தை. பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்குப் பக்கத்தில் ஓடும் இடங்கள் அவை. நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனதும் கையைத் தட்டிவிட்டார். "நினைவு இல்லாதவருக்கு வாயில ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயிரும். மேல ஊத்து, உள்ள ஊத்தாத." ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ஆம்புலன்ஸ் வந்த பிறகும் ஈரத்துணியை எடுக்க விடவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோதுகூட விசிறிக்கொண்டேதான் வந்தார்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "யார் நனைச்சது?" என்பது. இரண்டாவது கேள்வி, "எத்தனை மணிக்கு?" என்பது. முதல் கேள்விக்கு அத்தையைக் காட்டினேன். இரண்டாவதற்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இனி நம் பாடத்துக்கு வருகிறேன். மாணவர்கள் கவனிக்க வேண்டும். இது எந்தப் பேப்பரிலும் வராது.

நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. உடம்பின் தெர்மோஸ்டாட் அதுதான். அதன் செட் பாயிண்ட் சுமார் 37 செல்சியஸ். கிருமி நுழைந்து காய்ச்சல் வரும்போது என்ன நடக்கிறது? உடம்பே அந்தக் குமிழைத் திருகி 39, 40 என்று வைத்துவிடுகிறது. புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம்தான் திருகும் கை. பாரசிட்டமால் அந்தக் கையைப் பிடித்துக் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கிறது.

ஹீட் ஸ்ட்ரோக்கில் குமிழ் 37இலேயேதான் இருக்கிறது. யாரும் தொடவில்லை. குளிர்விக்கும் இயந்திரம்தான் தோற்றுப்போய்விட்டது. திருகப்படாத குமிழை மாத்திரை எப்படிக் குறைக்கும்? ஒன்றும் செய்யாது; ஏற்கெனவே சூட்டில் வாடியிருக்கும் ஈரலுக்குக் கூடுதல் சுமைதான். தெர்மாமீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சிகிச்சையோ தலைகீழ். கட்டுப்பாட்டுப் பொறியாளனாகிய நான் இந்த வித்தியாசத்தை ஒரு நொடியில் பிடித்திருக்க வேண்டும். அளவீட்டை மட்டும் பார்த்தேன், செட் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளும் நான்தான் கூட இருந்தேன். கட்டில் மாட்டியில் தொங்கும் அந்த வரைபடத் தாளை, வெப்பம், நாடி, மூச்சு மூன்றையும் சிஸ்டர்கள் வேளை தவறாமல் குறித்துக் கோடு இழுப்பதை, ஆச்சரியத்தோடு பார்த்தேன். நாங்கள் லட்ச ரூபாய் மென்பொருளில் பார்க்கும் 'ட்ரெண்ட்' அதுதான். பக்கத்துக் கட்டில்களில் நிஜமான காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். மாலையில் அத்தை வந்து உட்கார்ந்து ஒவ்வொருவரையும் காட்டிப் பாடம் நடத்துவார்.

மதுரைச் சீமைக்கும் காய்ச்சலுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் அடித்து, காரணத்தை ஆராய அன்றைய மதராஸ் அரசு ஒரு மருத்துவக் குழு அமைத்தது. வில்லியம் ஐன்ஸ்லி அதில் ஒருவர். அந்த அறிக்கை 1816இல் லண்டனில் அச்சானது. அப்போது மருத்துவர் பையில் தெர்மாமீட்டர் கிடையாது. பைக்குள் அடங்கும் சிறிய தெர்மாமீட்டரை ஆல்பட் என்ற ஆங்கிலேய மருத்துவர் செய்ததே 1860களில்தான். சுமார் 25,000 நோயாளிகளை அளந்து 37 என்ற எண்ணை உலகத்துக்குச் சொன்ன வுண்டர்லிஷின் ஜெர்மன் புத்தகம் வந்தது 1868இல். கருவி இல்லாத காலத்து வைத்தியர்கள் ஆளைப் பார்த்தார்கள். முறைக்காய்ச்சலைக் குளிர், கொதிப்பு, வியர்வை என்று மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். அத்தை எனக்குச் சொன்னதும் அதே மூன்றுதான்.

முதல் கட்டம் குளிர். குமிழ் 39க்குப் போய்விட்டது, உடம்பு இன்னும் 37இல் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நோயாளி 'குளிருது' என்கிறார். நெற்றி சுடும், கை கால் சில்லென்று இருக்கும், பல் கிட்டும். இந்த நேரத்தில் ஈரத்துணி போட்டால் உடம்பு இன்னும் பலமாக நடுங்கிச் சூட்டை ஏற்றிக்கொள்ளும். ஆகவே இப்போது மெல்லிய போர்வை கொடுக்கலாம்.

இரண்டாவது கட்டம் கொதிப்பு. நடுக்கம் நின்று முகம் சிவந்திருக்கும். இப்போது போர்வையை எடுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் நடக்கும் தவறு இங்கேதான். குளிருக்குப் போர்த்திய கம்பளியைக் கொதிப்பிலும் எடுக்க மாட்டோம். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் எரிபொருள் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. தண்ணீரும் அதற்கேற்பப் போகிறது. கஞ்சி, மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீர் மஞ்சளாகிறதா, அளவு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். துடைத்துவிடுவதாக இருந்தால் மருந்து கொடுத்து அரை மணி கழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில். ஐஸ் தண்ணீரும் ஸ்பிரிட்டும் வேண்டாம். "ஆள நடுங்க வெச்சிட்டு தொடச்சேன்னு சொல்லக் கூடாது" என்பார் அத்தை.

மூன்றாவது வியர்வை. குமிழ் இறங்கிவிட்டது, உடம்பு சூட்டை வெளியே கொட்டுகிறது. துடைத்து, உலர்ந்த துணி மாற்றி, குடிக்கக் கொடுத்தால் போதும்.

ஆனால் காய்ச்சல் இறங்கினால் எப்போதும் நல்ல செய்தி என்று நினைத்துவிடக் கூடாது. 2017இல் தமிழ்நாடு முழுக்க டெங்கு பரவியபோது இதைப் பல வீடுகள் பட்டுத் தெரிந்துகொண்டன. டெங்குவில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதுதான். 'காய்ச்சல் விட்ருச்சு, வீட்டுக்குப் போலாம்' என்று கிளம்பும் அன்றைக்கு வயிற்று வலி, விடாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், சில்லென்ற கை கால், மயக்கம் இதில் ஒன்று இருந்தாலும் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபென் பக்கம் போகக் கூடாது.

பிறந்த குழந்தைக்குப் பிரச்சினை எதிர்ப்பக்கம்: குளிர்ந்துபோவது. சாதாரணக் காய்ச்சல் தெர்மாமீட்டர் 35க்குக் கீழே காட்டாது. நம் கருவியின் அளவெல்லைக்கு வெளியே குழந்தை போய்விட்டால் கருவி ஒன்றும் சொல்லாது. அதனால் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டும் கதகதப்பு என்றால் நலம். பாதம் மட்டும் சில்லென்றால் எச்சரிக்கை. வயிறும் சில்லென்றால் ஆபத்து. உடனே தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கிடத்திப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எடை குறைந்த குழந்தைகளை இப்படிக் காப்பாற்றும் முறையை 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டுப் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கினார்கள். இன்று உலகமே அதைச் செய்கிறது. இதற்கு மேல் இதில் எனக்கு அனுபவம் இல்லை, இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என்பதைத் தவிர.

மறுபடி தறிக்கூடத்துக்கு வருகிறேன். என்னை ரொம்ப நாள் குடைந்த கேள்வி ஒன்று: அப்பா வெயிலில் நிற்கவில்லையே, கூரைக்குக் கீழேதானே நின்றார்?

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் சுமார் 100 வாட் பல்பு அளவுக்குச் சூடு விடுகிறான். தறிக்கு நடுவே நடப்பவன் அதைப் போல இரண்டு மடங்கு. சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் அந்தச் சூடு வெளியேற ஒரே வாசல்தான், வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நெசவிலோ காற்று காய்ந்தால் பாவு இழை அறுந்துபோகும். ஆகவே கூடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், சன்னலைச் சாத்துவார்கள், ஃபேன் போட மாட்டார்கள். மேலே சிமென்ட் ஷீட் கூரை. நூலைக் காப்பாற்றும் ஈரக்காற்றுதான் நெய்கிறவனின் வியர்வையை ஆவியாக விடாமல் தடுக்கிறது. இது எந்த ஒரு முதலாளியின் கொடுமையும் இல்லை, எங்கள் தெருவில் சொந்தத் தறி வைத்திருப்பவர்களும் அதே கூடத்தில்தான் வேகிறார்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவே செயற்கை ஈரப்பதத்தைப் பற்றியதுதான். பெரிய மில்களில் உலர்குமிழ், ஈரக்குமிழ் என்று இரண்டு தெர்மாமீட்டர் மாட்டிக் குறித்து வந்தார்கள். மின்சாரம் வைத்துப் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்த கூடங்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. எங்கள் ஊர்க் கூடங்கள் பெரும்பாலும் அந்த ரகம். ஈரக்குமிழ் 35 செல்சியஸ் என்பது மனித உடம்பின் எல்லை என்று காகிதக் கணக்கில் சொல்லி வந்தார்கள். 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆட்களை வைத்தே அளந்தபோது, இளவயது ஆரோக்கியசாலிகளுக்கே ஈரக்காற்றில் அந்த எல்லை சுமார் 31தான் என்று தெரிந்தது. அறுபது வயதுத் தறிக்காரருக்கு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் வானிலை நிலையத்து எண் வேறு, ஷீட் கூரைக்குக் கீழே உள்ள எண் வேறு.

அப்பா பிழைத்துவிட்டார். சிறுநீரகம் பத்து நாளில் வழிக்கு வந்தது. சிறுமூளையில் பட்ட அடி மட்டும் முழுதாக ஆறவில்லை. நடை தள்ளாடுகிறது, வலது கை நடுங்குகிறது. அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிந்த கை, இப்போது சட்டைப் பொத்தானுக்கு ஆள் கேட்கிறது. நாற்பது நிமிடம் முன்னால் தண்ணீர் ஊற்றியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு சார்" என்றார். அப்பா அதை ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்று வருடமாக ஒரு சின்ன வேலை செய்து வருகிறேன். எங்கள் தெருவில் நான்கு தறிக்கூடங்களில் உலர்குமிழ், ஈரக்குமிழ் தெர்மாமீட்டர்கள் மாட்டியிருக்கிறேன். ஈரக்குமிழில் மல் துணித் திரி சுற்றிக் கீழே தண்ணீர்ப் புட்டி. நம் லேபில் நாம் விளையாடி உடைத்த அதே சாதனம்தான். ஒரு கூடத்துக்குக் கூரையில் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். ஈரக்குமிழ் 29ஐத் தாண்டினால் தறியை நிறுத்தி ஆட்கள் வெளியே வந்து நனைந்த துண்டோடு காற்றில் உட்கார வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். 29 என்பது அத்தையும் நானும் வைத்துக்கொண்ட எண். கூடத்து வாசலில் குடம், துண்டு, 108 என்ற எண், 'பேச்சுக் குழறினால் முதலில் நனை' என்ற அட்டை. மதியம் இரண்டு மணி நேரம் தறி நின்றால் கூலி போகிறது. அதற்கு எனக்கு விடை தெரியவில்லை. காலை ஐந்து மணிக்கு ஆரம்பிக்கலாம் என்றால் பக்கத்து வீட்டில் சத்தத்துக்குச் சண்டை வருகிறது.

கடைசி வருட மாணவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். எனக்குத் தானாகக் குறிக்கும் கருவி வேண்டும்; பஞ்சுத் தூசியில் அடைபடாத ஈரக்குமிழ் உணரி வேண்டும், விலை ஆயிரம் ரூபாய்க்குள். கடையில் கிடைக்கும் ஈரப்பத உணரிகள் எங்கள் கூடத்தில் இரண்டு மாதம் தாங்கவில்லை. பாகங்களுக்கு ஆகும் செலவு என்னுடையது. புராஜக்டாக எடுத்துக்கொள்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை செல்லூருக்கு வாருங்கள். நர்சு அத்தையையும் பார்க்கலாம். முதல் அரை மணி அவர் வகுப்பு எடுப்பார், தப்ப முடியாது.

அதுவரை குறிப்பு எடுப்பது அப்பாதான். காலை பத்து, மதியம் ஒன்று, மூன்று என்று மூன்று வேளையும் தடியை ஊன்றிக்கொண்டு நான்கு கூடத்துக்கும் போய், பழைய நூல் கணக்கு நோட்டில் எழுதி வைக்கிறார். கை நடுக்கத்தில் 28க்கும் 29க்கும் சில நாள் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மூன்று மணிக் கட்டம் சில நாள் காலியாக இருக்கும். கேட்டால், "வெயிலா இருந்துச்சுப்பா, போகல" என்கிறார்.